ஒடீலுக்கு வந்த காய்ச்சல்

...மொத நாள் உள்ள நுழைஞ்சதுமே இந்த நர்ஸு மோதிரத்தக் கழட்டுங்கறா. சரி. வாட்சக் கழட்டுங்கறா. சரி. சட்டைக் கைய முழங்கைக்கு மேல சுருட்டுங்கறா, அதுவும் சரின்னு சுருட்டிட்டேன். அப்புறம் என் நகத்தப் பாத்துட்டு ஒரு மூஞ்சி வெச்சா பாரு... தம்பி, நான் பனி தள்ற வண்டி ஓட்டறவன். அந்த வண்டிக்கு கிரீஸ் போடறதும் நாந்தான். நகத்துல கறுப்பு இல்லாம பின்ன என்ன, நெயில் பாலிஷா இருக்கும்?

நீ அசையாத, அசையாத. நெஞ்சுல கொழந்தைய வெச்சுக்கிட்டு அசையக் கூடாது. ஒரு மணி நேரம் அப்படியே தோலோட தோலா சாஞ்சு கெடக்கணும், அதான் இங்க சட்டம். மொத தடவையா? தெரியுது. மூச்சு விடுப்பா! நீ மூச்சப் புடிச்சுக்கிட்டு இருந்தா அவனுக்கும் அதானே பழகும். ஆங்... அப்படி. பையன்தானே? நல்லா இருக்கான். சுருங்கின கையுறை மாதிரி இருக்கான், ஆனா நல்லா இருக்கான். கோவிச்சுக்காத, எல்லாம் இங்க அப்படித்தான் இருக்கும். எம்பொண்ணு வந்த அன்னிக்கு இதவிட மோசம். ஏழாம் மாசம்கூட முடியல, அதுக்குள்ள அவசரம். அவங்கம்மா மாதிரி. எங்க போனாலும் சீக்கிரமா போயி வாசல்ல நிக்கறது.

என் பேரு யூக்ளிட். கொறை மாசக் கொழந்தைங்கள சூடா வெக்கற இந்தக் கண்ணாடிப் பெட்டிங்கள்ல கடைசிப் பெட்டி இருக்கு பாரு, அதுக்குள்ள இருக்கறது எம்பொண்ணு ஒடீல்.

எங்க விட்டேன்... ஆங், மோதிரம். கல்யாணத்தன்னிக்குப் போட்டது, அப்புறம் கழட்டினதே இல்ல. பெர்னடெட் இருக்காளே, இந்த வார்டோட போலீஸ்காரி, நர்ஸுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறா, அவ சோப்பு போட்டா, ஐஸ் வெச்சா, நூல் சுத்தினா. நான் கத்தின கத்துல பக்கத்துப் பெட்டிக் கொழந்தைங்கல்லாம் முழிச்சுக்கிச்சு. கடைசியில வந்துடுச்சு. வந்ததும் அடியில பாத்தா... சரி வேணாம், சொன்னா நீ சாப்பிட மாட்ட. "இந்த மோதிரத்துக்கு அடியில ஒரு ஊரே குடியிருக்கு, உங்க ஊரவிடப் பெருசு"ன்னா. எங்க ஊரு கடலோரத்துல சின்ன ஊருதான், ஒத்துக்கறேன். ஒரு சர்ச்சு, ஒரு பெட்ரோல் பங்க்கு, ஒரு நண்டுக் கம்பெனி. அதுக்காக மோதிரத்தோட ஒப்பிடணுமா? நீயே சொல்லு.

சொல்ல மாட்ட. சரி.

ஒரு விஷயம், இங்க மறந்தும் அந்த வார்த்தையச் சொல்லிடாத. "இன்னிக்கு என்ன, ஒரே..." அந்த வார்த்தை. சத்தமே இல்லன்னா என்ன சொல்லுவோம், அது. சொன்னா அவ்வளவுதான், அடுத்த நிமிஷம் நாலு அலாரம் ஒண்ணா அடிக்கும், அஞ்சு நர்ஸும் உன்னையே மொறைப்பாங்க. படிச்ச டாக்டருங்கப்பா! ரத்தத்துல இருக்கற உப்பக்கூட எண்ணிச் சொல்றாங்க, ஆனா அந்த ஒரு வார்த்தைக்கு எல்லாருக்கும் பயம். நேத்து மத்தியானம் ஆக்சிஜன் பைப்பு பாக்க வந்த ஆளு சொல்லிட்டான். அதனாலதான் எம்பொண்ணுக்குக் காய்ச்சல் வந்துச்சுன்னு நானும் நேத்து ராத்திரி பூரா சொல்லிக்கிட்டு இருந்தேன்.

ஆமாம்பா. காய்ச்சல். அதான் இன்னிக்கு நான் சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், நீ சட்டையில்லாம ராஜா மாதிரி சாஞ்சிருக்க. இந்த நேரம் என்னோடது. தினமும் இந்த நேரத்துக்கு ஒடீல் எம்மேல இருப்பா. இன்னிக்குத் தரமாட்டாங்களாம், ரத்தத்துல கிருமி இருக்கான்னு தெரியற வரைக்கும். அதுக்குத்தான் நேத்து ரத்தம் எடுத்தாங்க. அத ஒரு பாட்டில்ல ஊத்தி வெதுவெதுன்னு வெச்சிருக்காங்க, ஏதாவது மொளைக்குதான்னு. ரொட்டி மாவு பொங்குதான்னு பாத்துக்கிட்டு நிப்போம் இல்ல, அப்படி. என்ன, இது மட்டும் பொங்கக் கூடாதுன்னு நிக்கணும்.

அந்த ரத்தத்த எங்கேருந்து எடுத்தாங்க தெரியுமா... கையிலேருந்து. அந்தக் கை என் சுண்டு விரல் தடிமன்கூடக் கெடையாது. நான் வெளிய போயிட்டேன். வண்டிக்கு அடியில படுத்து ஆக்ஸில் மாத்தறவன், அதப் பாக்க முடியல, போயிட்டேன். வெளிய போயி, காசு போட்டா பிஸ்கட் தள்ளுமே ஒரு மெஷின், அத உதைச்சேன். ரெண்டு பாக்கெட்டு விழுந்துச்சு. ஒண்ணு உனக்கு எடுத்து வெச்சிருக்கேன், அப்புறம் தர்றேன்.

ஜினெட்டுக்கு, அதான் என் வீட்டுக்காரிக்கு, இன்னும் சொல்லல. அவள உள்ள விட மாட்டேங்கறாங்க. ஜலதோஷம். வாசல்ல வந்து நின்னு ஒரே ஒரு தும்மல் போட்டா, அவ்வளவுதான், ஏதோ பாம் வெடிச்ச மாதிரி பெர்னடெட் ஓடி வந்து கதவச் சாத்திட்டா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜினெட், இந்தப் பக்கம் பெர்னடெட். ரெண்டு பேரும் கையக் கையக் காட்டிச் சண்ட போட்டாங்க, நான் நடுவுல. இப்ப ஜினெட் அவ அக்கா வீட்டுல இருந்துக்கிட்டு பால் எடுத்துக் குடுத்து அனுப்பறா. நாந்தான் பால்காரன். ஐஸ் பெட்டியில வெச்சு, பனி தள்ற வண்டியில, சீட்டு பெல்ட்டெல்லாம் போட்டுக் கொண்டாறேன். மேஸ்திரி வயர்லஸ்ல கேப்பான், "யூக்ளிட், எங்க இருக்க?" "ஆஸ்பத்திரி ரோட்டுல சார், மறுபடி பனி மூடிக்கிச்சு சார்." இந்த மாகாணத்துலயே இந்த ஒரு ரோடுதான்பா சிமெண்ட்டு தெரியுது. போயிப் பாரு, சாப்பாட்டத் தட்டில்லாமப் போட்டுச் சாப்பிடலாம்.

அந்தப் பாலு ஒரு வேளைக்கு எவ்வளவு குடுத்தாங்க தெரியுமா மொதல்ல? சொட்டு. மூக்கு வழியா ஒரு டியூபு, அதுல சொட்டு. நான் கேட்டேன், "ஏம்மா, பூனைக்குட்டிக்கே இதவிட அதிகமா ஊத்துவோமே"ன்னு. அதுக்குப் போலீஸ்காரி ஒரு பிரசங்கம் வெச்சா பாரு. கொடலு இன்னும் பழுக்கலையாம். அம்மா பாலு மெதுவா மெதுவா உள்ள போயி கிருமி ஏறாம சுவரு கட்டுமாம். அந்தச் சுவரு எழும்பற வரைக்கும் சாப்பாடு பூரா ஊசிக் குழாய் வழியாத்தான்.

உன் பையனுக்கும் போட்டிருக்காங்களே, கையிலேருந்து நூலு மாதிரி ஒண்ணு போகுது பாரு, அதான். நெஞ்சுக்கிட்ட வரைக்கும் போகும். ரொம்பப் பாக்காத. அதுலதான் சர்க்கரை, கொழுப்பு, எல்லாம். நல்ல சாப்பாடு. ஆனா அதுவே கிருமிக்கும் நல்ல சாப்பாடாம். அந்தக் குழாய் உள்ள இருக்கற ஒவ்வொரு நாளும் வீட்டுக் கதவத் தொறந்து போட்டுட்டுத் தூங்கற மாதிரின்னு பெர்னடெட் சொன்னா. "அப்ப எதுக்குப் போட்டீங்க?"ன்னேன். "இல்லன்னா சாப்பாடு எப்படிப் போகும்?"ன்னா. "அப்ப இருக்கட்டும்"னேன். "ரொம்ப நாள் இருந்தா ஆபத்து"ன்னா. "அப்ப எடுங்க"ன்னேன். "சாப்பாடு?"ன்னா. நான் சர்ச்சுல பாதிரியாரோட வாதாடி ஜெயிச்சவன் தம்பி, இவகிட்ட முடியல.

காலையில டாக்டரம்மா வருவாங்க, பின்னாடியே ஒரு கூட்டம் வரும். ஒவ்வொரு பெட்டிக்கிட்டயும் நின்னு ஒரே கேள்வி: "இந்தக் குழாய் இன்னிக்கும் வேணுமா?" தினமும். வேணும், வேணும், வேணும்னே பதில் வரும். நேத்துக் காலையில ஒடீல் பெட்டிக்கிட்ட நின்னு கேட்டாங்க, பெர்னடெட் சொன்னா, "நாளைக்கு வேண்டியதில்ல." யாரப் பாத்துச் சொன்னாங்கற? என்னப் பாத்து. பாலு முழுசா ஏறிடுச்சாம். சுவரு எழும்பிடுச்சாம்! எனக்கு வந்த சந்தோஷத்துல அந்த டாக்டரம்மாவையே கட்டிப் புடிச்சிருப்பேன், நல்ல வேளை கையில பால் பாட்டில் இருந்துச்சு.

அன்னிக்கே சாயங்காலம் காய்ச்சல்.

எப்படி இருக்கும், சொல்லு! கோவம் வருமா வராதா? வந்துச்சு. ஒருத்தர விடல நான். வாரக் கடைசியில ஒரு நர்ஸுக்கு மூணு கொழந்தைன்னு விட்டா வேற என்ன ஆகும்னு கத்தினேன். பெட்டிங்கள இப்படி நெருக்கி நெருக்கி வெச்சிருக்கீங்களே, இது என்ன நண்டுக் கம்பெனியான்னு கேட்டேன். தரை தொடைக்கிறவர் பாவம் வாளியோட அப்படியே நின்னுட்டாரு. அப்புறம் அந்தப் புதுப் பொண்ணு... நர்ஸு, சின்ன வயசு, கன்னத்துல குழி விழுமே. அவதான் நேத்து மத்தியானம் குழாய்ல மருந்து ஏத்தினா. "இவ கழுவினாளா? குழாய் வாயத் தொடைச்சாளா? எத்தன தடவ தொடைச்சா?"ன்னு எல்லாருக்கும் முன்னாடி கேட்டுட்டேன். பெர்னடெட் அந்தப் பொண்ணத் தனியாக் கூட்டிட்டுப் போயி, மொதல்லேருந்து என்னென்ன செஞ்சன்னு செஞ்சு காட்டச் சொன்னா. சரியாத்தான் செஞ்சு காட்டினாளாம். காட்டிட்டு துணி வெக்கற ரூம்ல போயி அழுதிருக்கா. நான் பிஸ்கட் மெஷின் பக்கத்துல நின்னேனா, கேட்டுச்சு.

என்ன பாக்கற? நான் ஒண்ணும் அவள வேணும்னு... எம்பொண்ணு ஒரு கிலோகூட இல்லப்பா! பயத்துல மனுஷன் பேசறதுதான்.

பெர்னடெட் இருக்காளே, அவ என்னக் கிண்டல் பண்ணாம ஒரு நாள் போனதில்ல. "வாங்க கிரீஸ் அப்பா"ன்னுதான் கூப்பிடுவா. நேத்துச் சாயங்காலம் ஒடீல் உடம்புச் சூட்ட அளந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. ஒரு வார்த்த சொல்லல. மூஞ்சியில இருந்த சிரிப்பெல்லாம் யாரோ தொடைச்சு எடுத்த மாதிரி... திட்டறவ திட்டாம இருந்தா அதவிடப் பயம் வேற இல்ல.

கிருமிக்கு மருந்த நேத்து ராத்திரியே ஆரம்பிச்சுட்டாங்க. இப்ப என்னன்னா, பாட்டில்ல ஒண்ணும் மொளைக்கலன்னாலும், காய்ச்சல் ஏன் வந்துச்சுன்னு தெரியலையாம். தெரியாததனால ஒரு வாரம் மருந்து ஏத்திடலாம், எதுக்கு வம்புன்னு டாக்டரம்மா சொல்றாங்க. மருந்து ஏத்தணும்னா குழாய் வேணும். குழாய் இருந்தா கதவு தொறந்தே இருக்கும். அதுல அந்த மருந்து இருக்கே, அது கெட்ட கிருமிய மட்டும் பாத்து அடிக்காதாம், கொடல்ல இருக்கற நல்லதையும் சேத்து அடிச்சுடுமாம். காலியான எடத்துல வேற எவனாவது வந்து குடியேறிடுவானாம். ஆக, காய்ச்சல் நெஜமா இருந்தா மருந்து அவளக் காப்பாத்தும். நெஜமா இல்லன்னா... இல்லாத காய்ச்சலுக்குப் பண்ற வைத்தியமே நெஜக் காய்ச்சலக் கொண்டாந்து விட்டுடும்.

அதான் பிரச்சன.

இல்ல, நெஜமா இல்லன்னு நான் எங்க சொன்னேன்? "இருந்தா, இல்லன்னா"ன்னுதான சொன்னேன். நீ பேசாம இருக்கறது ஒரு மாதிரியா இருக்குப்பா. ஸ்கூல் வாத்தியாரா நீ? அதானே பாத்தேன். வாத்தியாருங்கதான் இப்படி ஒண்ணும் கேக்காமலே உக்காந்து எல்லாத்தையும் கறந்துடுவாங்க.

சரி. கேளு. காலையில பெர்னடெட் உனக்குச் சொல்லிக் குடுத்தா இல்ல, உன் பையன் வயித்துல ஒட்டியிருக்கற அந்த ஸ்டிக்கரு, தங்கக் கலர்ல, இதயம் மாதிரி. அழகுக்கு ஒட்டினதுன்னு நீயும் நெனச்ச இல்ல? நானும் அப்படித்தான் நெனச்சேன், இத்தன நாளா! அவ உங்கிட்ட சொல்றா, அதுக்கு அடியில ஒரு கம்பி இருக்கு, அதுதான் கொழந்தையோட சூட்டப் பெட்டிக்குச் சொல்லுது, அது கழண்டுக்கிச்சுன்னா கொழந்த குளுந்து போச்சுன்னு நெனச்சுக்கிட்டு பெட்டி அனலா ஊதித் தள்ளிடும்னு. நான் அந்தப் பக்கம் உக்காந்து டோனட் தின்னுக்கிட்டு இருந்தேன். தொண்டைக்குள்ள அப்படியே நின்னுடுச்சு. நீ திரும்பிப் பாத்த, நான் இருமினேன், ஞாபகம் இருக்கா?

நேத்துச் சாயங்காலம் ஜினெட்டுக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுக்கலாம்னு பாத்தேன். நாளைக்குக் குழாய் போயிடும், அதுக்கு முன்னாடி ஒண்ணு. அவ மகள நேர்ல பாத்தே எவ்வளவு நாளாச்சு. பாத்தா அந்த இதயம் வலது பக்கம் இருக்கு. தம்பி, நான் ரொம்பப் படிச்சவன் இல்ல, ஆனா இதயம் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, பக்கம் தெரியாம ஒட்டி வெச்சிருக்காங்களேன்னு சிரிப்பா வந்துச்சு. ஜினெட் பாத்தா விட மாட்டா, "எம்பொண்ணுக்கு இதயம் எடம் மாறிடுச்சா"ன்னு கேப்பா. அதனால... கைய நல்லாக் கழுவிக்கிட்டுத்தான்பா! மெதுவா, ரொம்ப மெதுவா உரிச்சு, இடது பக்கம் ஒட்டினேன். அழகா இருந்துச்சு. போட்டோ எடுத்தேன். துணியப் போத்தி விட்டேன். அப்புறம் அவளுக்கு எங்க ஊர்க் கதையெல்லாம் சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தேன், யாரு வலையில என்ன மீனு விழுந்துச்சு, யாரு வீட்டுக் கூரை காத்துல போச்சுன்னு. ரொம்ப நேரம். நான் பேச ஆரம்பிச்சா தெரியுமே உனக்கு.

பெட்டி கீ கீன்னுச்சு. துணிய வெலக்கிப் பாத்தா ஸ்டிக்கர் ஓரம் விட்டுக்கிட்டுத் தொங்குது. பெர்னடெட் பாத்தா கொன்னுடுவாளேன்னு, சட்டுனு எடுத்து பழைய எடத்துலயே வெச்சு அழுத்திட்டேன். அவ வந்து பாக்கும்போது எல்லாம் சரியா இருந்துச்சு. கொழந்த மட்டும் கொதிச்சுக்கிட்டு இருந்தா.

இத நான் வேணும்னா மறைச்சேன்? காலையில நீங்க பேசறதக் கேக்கற வரைக்கும் எனக்கே தெரியாதுப்பா. தெரிஞ்சதுக்கப்புறம்... ஆமா, தெரிஞ்சு இவ்வளவு நேரம் ஆச்சு. சொல்லணும்னு ரெண்டு தடவ எழுந்தேன். ஒரு தடவ பிஸ்கட் மெஷின் வரைக்கும் போனேன், ஒரு தடவ பாத்ரூம் வரைக்கும்.

சொன்னா என்ன பண்ணுவாங்க? ஒரு தும்மலுக்கே அம்மாக்காரிய வெளிய தள்ளினவங்க, என்ன விடுவாங்களா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேரும் ஜோடியா நிக்க வேண்டியதுதான். ஒடீல் இங்க தனியாக் கெடப்பா. இந்தக் கையில அவ மொத்தமே கொஞ்ச நேரந்தான் இருந்திருக்கா தம்பி. வண்டி ஓட்டும்போதுகூட நெஞ்சுல அந்த எடம் மட்டும் தனியாத் தெரியுது. இங்க. அத எடுத்துட்டாங்கன்னா என்னால முடியாது. பயமா இருக்கு. அவ்வளவுதான். வேற ஒரு காரணமும் இல்ல, பயம்.

ஒரு வாரம்தானேன்னும் தோணுது. ஒண்ணும் ஆகாதுன்னும் தோணுது. பெட்டிக்குப் பெட்டி குழாய் இருக்கு, எல்லாருக்குமா கிருமி வந்துடுது? நாளைக்கு ஒண்ணு வந்துட்டா... அப்ப நான் யார உதைக்கறது, பிஸ்கட் மெஷினையா?

ஏய். ஏய், என்ன பண்ற? கைய எடுக்காத, கொழந்த சரியும்... அது எதுக்கு அமுக்கற? அது நர்ஸக் கூப்பிடற பட்டன்ப்பா! பையனுக்கு ஏதாவது...? இல்லையே, நல்லாத்தானே தூங்கறான். அப்புறம் எதுக்கு... அடப்பாவி! ஒரு வார்த்த பேசாம உக்காந்திருந்து... வாத்தியார் புத்தியக் காட்டிட்டியே! பிஸ்கட்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது உனக்கு, போ.

வா பெர்னடெட். ஒண்ணுமில்ல, தம்பி தெரியாம அமுக்கிட்டாரு. நீ போ.

இல்ல... போகாத. தெரியாம இல்ல, தெரிஞ்சுதான் அமுக்கினாரு. எனக்காக. அந்த ஸ்டிக்கரு... ஒடீலோட ஸ்டிக்கரு. நேத்து நான் உரிச்சேன். இடது பக்கம் ஒட்டினேன். போட்டோவுக்கு. அது விட்டுக்கிச்சு, அலாரம் அடிச்சதும் திரும்ப வெச்சுட்டேன். துணி மூடி இருந்துச்சு, எவ்வளவு நேரம் விட்டுக்கிட்டு இருந்துச்சுன்னு தெரியாது... ரொம்ப நேரம். ஆமா. கைய வெச்சா சுடற அளவுக்கு. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. நானே போயி அவகிட்ட சொல்றேன், முட்டி போட்டு வேணும்னாலும் சொல்றேன். டாக்டரம்மாகிட்ட நீ சொல்லிடு. அந்த ஒரு வாரம் வேணாம்னு சொல்லு.

திட்டு. ஏன் திட்டாம நிக்கற? திட்டிடேன் பெர்னடெட்.

...

மருந்து நாளைக்குக் காலையில வரைக்கும் மட்டுமா? பாட்டில்ல அது வரைக்கும் ஒண்ணும் மொளைக்கலன்னா... மருந்த நிறுத்தச் சொல்லிடுவாங்களா? குழாயையும்? நீ சொல்லிக் கேப்பாங்களா? கேப்பாங்க. நீ சொன்னா கேப்பாங்க.

சரி. நான் கோட்ட எடுத்துக்கறேன். வெளிய கண்ணாடிக்கிட்ட நிக்கறேன், அங்க நிக்கலாம் இல்ல? அதுக்காவது விடு.

என்ன இது? புது ஸ்டிக்கரா? எங்கிட்ட ஏன் நீட்டற?

நானா?

விளையாடாத பெர்னடெட், நான் இப்பத்தான்... சரி. சரி, வர்றேன். கைய நீட்டறேன், அந்தக் கை கழுவற மருந்த ஊத்து. இங்கயா? வலது பக்கம், விலா எலும்புக்குக் கீழ... ஈரல் மேலயா? ஓஹோ, அதனாலதான் வலது பக்கமா! இத மொதல்லயே ஒரு போர்டு எழுதித் தொங்க விட்டிருக்கலாம் இல்ல? சரி சரி, பேசல. ஓரத்த அழுத்தணுமா? எவ்வளவு அழுத்தறது? இவ்வளவுதானா? அம்மாடி... வயித்துல என் விரலையும் சேத்துத் தூக்கித் தூக்கி மூச்சு விடறா பாரு.

தினமும் நானா? காலையில மாத்தும்போது... நாந்தான் ஒட்டணுமா? தினமுமா?

பெர்னடெட்...

வாத்தியாரே, நீ ஏதாவது பேசேன். பிஸ்கட்டு உனக்குத்தான்.